கோப்பிக்கு நின்ற பஸ்

கங்கா: ...‘மதிப்புக்குரிய துவான்’னு போட்டாச்சுப்பா. அடுத்து?

திருச்செல்வம்: கோப்பி குடிச்சேன்னு எழுது.

கங்கா: என்னது?

திருச்செல்வம்: கோப்பி. வண்டிய ஓரமா நிறுத்திட்டு கோப்பி குடிச்சேன். தப்புதான். இனிமே குடிக்க மாட்டேன். கையெழுத்து. அவ்வளவுதான்.

கங்கா: விளையாடாதீங்கப்பா. இது துஞ்சோக் செபாப். உங்க மேல ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு காரணம் கேட்டிருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்குள்ள டிப்போவுல குடுக்கணும்.

திருச்செல்வம்: காரணத்தத்தானே சொல்றேன்.

புஷ்பா: யாரு, இவரா கோப்பி குடிச்சாரு? வயித்துல புண்ணுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து, பக்கத்துல யாராச்சும் கோப்பி கலக்கினாலே எந்திரிச்சுப் போயிடுவாரு. பத்து வருஷமாச்சு.

திருச்செல்வம்: நீ போயி அடுப்பப் பாரு புஷ்பா.

புஷ்பா: அடுப்ப அணைச்சு அரை மணி நேரமாச்சு. புருஷன் வேலை போகப்போகுது, இவரு என்ன அடுப்பப் பாக்கச் சொல்றாரு.

கங்கா: அம்மா, நீங்களும் இப்படி உக்காருங்க. மொதல்ல பேரு. திருச்செல்வம், ஏ-எல், சுப்பிரமணியம்...

திருச்செல்வம்: எங்கப்பா பேரு எதுக்கு?

கங்கா: உங்க ஐசி கார்டுல அப்படித்தானே இருக்கு? ‘இன்னார் மகன்’னு சேர்த்துத்தான் எழுதணும்.

திருச்செல்வம்: வண்டிய நிறுத்தினது நான். அவரு செத்து இருபது வருஷமாச்சு. அவரையும் கூப்புட்டு எம் பக்கத்துல நிக்க வைக்கிறாங்க பாரு.

புஷ்பா: பிள்ளை நல்லது செஞ்சாலும் அப்பன் பேரு கூடத்தானே வருது? அப்ப மட்டும் இனிக்குதா?

திருச்செல்வம்: ...ஆமா. வருது.

கங்கா: சரி, குற்றச்சாட்டப் படிக்கிறேன், கேளுங்க. ‘புக்கிட் பெலிம்பிங்குக்கு முன்னாடி உள்ள தோட்டத்து முச்சந்தியில், நிறுத்தம் இல்லாத இடத்தில், காலை ஆறு இருபது வாக்கில், ஒரு வருட காலமாக, தினமும் சராசரி நான்கு நிமிடம்...’

திருச்செல்வம்: நாலு நிமிஷமா? எந்த நாளும் நான் நாலு நிமிஷம் நின்னதில்ல.

கங்கா: அப்போ நிக்கவே இல்லையா? அப்படி எழுதட்டுமா?

திருச்செல்வம்: ...இல்ல, இல்ல. நாலுன்னே எழுது. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.

கங்கா: ஆளு யாரும் பார்த்துச் சொல்லலப்பா. வண்டியில ஜிபிஎஸ் இருக்குல்ல? பத்து செகண்டுக்கு ஒரு தடவ, வண்டி எங்க நிக்குதுன்னு பதிவாகிட்டே இருக்கும். யாரு எங்க கார்டு தட்டி ஏறினாங்கன்னும் பதிவாகும்.

புஷ்பா: அம்புட்டையும் யாரு உக்காந்து பாக்குறது? வேற வேலவெட்டி இல்லையா?

கங்கா: ...ஒரு போட்டி வச்சாங்கம்மா. பஸ் ஏன் லேட்டாகுதுன்னு கண்டுபிடிக்கிற போட்டி. டிரைவர் பேரு, வண்டி நம்பரு எல்லாத்தையும் மறைச்சுட்டு, ஒரு வருஷப் பதிவ மொத்தமா குடுத்தாங்க. யாரு வேணும்னாலும் கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டு அனுப்பலாம். நல்லா போட்டவங்களுக்குப் பரிசு.

புஷ்பா: அப்படிப் போட்டு இவர மாட்டிவிட்டது யாரு?

கங்கா: ...யாரோம்மா. யாரோ ஒருத்தங்க.

திருச்செல்வம்: யாரோ படிச்ச பிள்ளைங்க. அது நமக்கெதுக்கு?

புஷ்பா: படிச்ச பிள்ளைங்களுக்கு வாய் இல்லையா? ஒரு நாள் காலையில பஸ்ஸுல ஏறி, ‘அங்கிள், இங்க ஏன் நிக்கிறீங்க’ன்னு கேட்டிருந்தா இவரே சொல்லியிருப்பாரே! ...ஏண்டி டைப் அடிக்கிறத நிறுத்திட்ட?

கங்கா: ஒண்ணுமில்லம்மா. கண்ணு கூசுது.

திருச்செல்வம்: வந்ததுலேருந்து அந்தப் பெட்டியவே பாத்துக்கிட்டு இருந்தா கூசாம என்ன செய்யும்? மூடிட்டு வந்து சாப்பிடு. ரெண்டு வரி கடிதத்த நானே கையால எழுதிக்கிறேன்.

கங்கா: நீங்க எழுதினா கோப்பின்னு எழுதுவீங்க. ...அப்பா, நீங்க கிள்ளான் ரூட்டுதானே ஓட்டினீங்க? இந்தக் காலை டிரிப்பு எப்போலேருந்து?

திருச்செல்வம்: போன வருஷம் கேட்டு வாங்கினேன்.

கங்கா: எங்கிட்ட சொல்லவே இல்லையே...

திருச்செல்வம்: நீ போன் பண்ணினா, சாப்பிட்டீங்களான்னு கேப்ப. சாப்பிட்டேன்னு சொல்வேன். ரூட்டப் பத்தி நீயும் கேக்கல, நானும் சொல்லல. அதுக்கென்ன இப்போ?

கங்கா: ஏன் நின்னீங்கப்பா? அந்த முச்சந்தியில கார்டு தட்டினவங்க ஒருத்தர் கூட இல்ல. யாருமே ஏறல.

திருச்செல்வம்: அதான் கோப்பி.

கங்கா: அங்க ஏது கோப்பிக் கடை? ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம்லா!

திருச்செல்வம்: பிளாஸ்க்குல எடுத்துட்டுப் போனேன்.

புஷ்பா: எந்த பிளாஸ்க்குல? மூடி ஒடஞ்சு அலமாரி மேல கெடக்கே, அதுலயா?

கங்கா: ரிட்டயர் ஆக இன்னும் ரெண்டே வருஷம் இருக்கு. ஏற்கெனவே ஒரு வாரமா வண்டி எடுக்க விடாம வீட்டுல உக்கார வச்சிருக்காங்க. கோப்பின்னு எழுதிக் குடுத்தா அதோட முடிஞ்சுது. புரியுதாப்பா?

திருச்செல்வம்: புரியுது.

கங்கா: புரிஞ்சுமா...?

புஷ்பா: இவரு வேலை கெடக்கட்டும். செவ்வாக்கிழமை லீலாவதிக்கு என்ன வழின்னு கேளு.

திருச்செல்வம்: புஷ்பா...

புஷ்பா: என்ன புஷ்பா? இன்னும் எத்தனை நாளைக்கு வாயக் கட்டிக்கிட்டு இருக்குறது?

கங்கா: எந்த லீலாவதிம்மா?

புஷ்பா: அந்தத் தோட்டத்துல மருந்து அடிச்சிக்கிட்டு இருந்தவ. ரெண்டு கிட்னியும் போச்சு. செவ்வா, வியாழன், சனி, வாரத்துல மூணு நாளு கோலா சிலாங்கூருக்கு டயாலிசிஸ் போகணும். லயத்துலேருந்து முச்சந்திக்கு மூணு கிலோமீட்டர். மகன் அகிலன்தான் மோட்டார்ல கொண்டாந்து விடணும். அவன் காலையில பெரட்டுல நின்னு பேரு குடுக்காம நகர முடியாது. நகந்தா அன்னிக்குச் சம்பளம் இல்ல. பஸ்ஸு ஆறு இருபதுக்கு. அவன் ஆத்தாள ஏத்திக்கிட்டு வந்து சேர ஆறு இருபத்தெட்டு.

கங்கா: செவ்வா, வியாழன், சனி... ஆறு இருபத்தெட்டு... இருங்க. இருங்கம்மா.

திருச்செல்வம்: என்னம்மா தேடுற?

கங்கா: அந்தப் பதிவு. எல்லாருக்கும்தான் குடுத்தாங்க. எங்கிட்டயும் இருக்கு.

திருச்செல்வம்: இருந்தா இருக்கட்டும். மூடு.

கங்கா: ஒரு நிமிஷம்பா... திங்கக்கிழமை, சைபர். செவ்வா, எட்டு. புதன், சைபர். வியாழன், எட்டு. வெள்ளி, சைபர். சனி... எட்டு.

புஷ்பா: அதான் இவரு சொன்னாரே, நாலு நிமிஷம் நின்னதே இல்லன்னு.

கங்கா: ஆறு நாளையும் கூட்டி ஆறால வகுத்திருக்கு. நாலு. நாள் நாளா பிரிச்சுப் பார்த்திருந்தா, டயாலிசிஸ்காரங்க இருக்கிற வீட்டுல யாரும் ஒரே பார்வையில சொல்லியிருப்பாங்க... ஆனா கார்டு? அவங்க ஏறினது ஏன் பதிவாகல?

திருச்செல்வம்: எங்கேருந்து பதிவாகும்? ரெண்டு படி ஏறுறதுக்குள்ள அவளுக்கு மூச்சு வாங்கும். மொதல்ல உக்காருன்னு சொல்லிட்டு வண்டிய எடுத்துடுவேன். அடுத்தாப்புல புக்கிட் பெலிம்பிங்ல நிக்கிறப்போ அவ கார்ட வாங்கி நான்தான் தட்டுவேன்.

கங்கா: பஸ்ஸுல இருக்கிற மத்தவங்க? எட்டு நிமிஷம் சும்மாவா இருப்பாங்க?

திருச்செல்வம்: அவங்கதான் ஜன்னல் வழியா எட்டிப் பாப்பாங்க. ‘அண்ணே, மோட்டார் லைட்டு தெரியுது’ன்னு குரல் குடுப்பாங்க. ...அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்லல. நம்மளால கோலாலம்பூர் போற கேஎல் பஸ்ஸ விட்டவங்களும் இருக்காங்க. அதுக்கு நான் பதில் சொல்லித்தான் ஆகணும்.

கங்கா: இப்போ அந்த வண்டிய யாரு ஓட்டுறா?

திருச்செல்வம்: புதுசா ஒருத்தன். அவனக் குத்தம் சொல்ல முடியாது. நிக்காதேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.

புஷ்பா: செவ்வாயும் வியாழனும் இவரு மோட்டார்ல கூட்டிட்டுப் போனாரு. வியாழக்கிழமை திரும்பி வர்றப்போ மயக்கம் வந்து இவரு முதுகுலயே சாஞ்சுட்டா. இவரு தோளுத் துண்ட எடுத்து அவள இடுப்போட கட்டிக்கிட்டு ஓட்டியாந்திருக்காரு. இனிமே மோட்டார் வேணாம், விழுந்து சாவேன்னு அழுதுட்டா. நேத்து போகல. காலையில போயிப் பார்த்தேன், காலு ரெண்டும் வீங்கி, அமுக்கினா குழி விழுது. நாளன்னிக்கும் போகலன்னா...

கங்கா: வேணாம்மா. சொல்லாதீங்க.

புஷ்பா: நான் சொல்லாட்டி நடக்காதா?

கங்கா: அப்பா, இத அப்படியே எழுதுறேன். நாள் வாரியா கணக்கையும் சேர்த்து. அந்த மூணு நாளு மட்டும் வண்டி எட்டு நிமிஷம் தள்ளிப் புறப்படட்டும், முச்சந்தியில ஒரு நிறுத்தம் போடுங்கன்னு...

திருச்செல்வம்: எழுதக் கூடாது.

கங்கா: ஏன்?

திருச்செல்வம்: எழுதக் கூடாதுன்னா கூடாது. லீலாவதிக்கு நான் வேற வழி பாக்குறேன். யாராச்சும் கார் வச்சிருக்கிறவங்கள கேக்குறேன்.

கங்கா: காரணத்தச் சொன்னா உங்க வேலை தப்பிக்கும்பா!

திருச்செல்வம்: இன்னொருத்தர் வேலை?

கங்கா: யாரு வேலை?

திருச்செல்வம்: அந்தக் கணக்குப் போட்ட பிள்ளை. பரிசு குடுத்திருப்பாங்க. வேலைக்கே கூப்பிட்டிருப்பாங்க. இப்போ கணக்கே தப்புன்னு ஒரு டிரைவர் எழுதிக் குடுத்தா, அது நெலமை என்னாகும்? கோப்பின்னு எழுதினா ஒரு கெழவனுக்குக் கெட்ட பேரு. அவ்வளவுதானே?

புஷ்பா: நல்லாருக்கு! உங்கள மாட்டிவிட்ட பிள்ளைக்கு நீங்க குடை புடிங்க!

திருச்செல்வம்: யாரு பெத்த பிள்ளையோ, விடு.

கங்கா: அந்தப் பிள்ளை என்ன செஞ்சுச்சு தெரியுமாப்பா? மேப்புல அந்த முச்சந்திய ஒரு செவப்புப் புள்ளியா காட்டி, அது மேல ஒரு கோப்பிக் கப்பு படத்த ஒட்டுச்சு. ‘ஒருத்தரும் ஏறல, ஒருத்தரும் இறங்கல, இந்த டிரைவருக்குத் தினமும் இங்க கோப்பி டைம்’னு மேடையில சொல்லுச்சு. ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க. சிரிக்கணும்னுதான் சொன்னுச்சு.

புஷ்பா: அது உனக்கெப்படித் தெரியும், கங்கா?

கங்கா: நான்தாம்மா. அந்தப் பிள்ளை நான்தான். ஒண்ணாந் தேதி வேலைக்குச் சேரப் போறேன்னு சொன்னேனே, அதுவும் இந்த பஸ் கம்பெனியிலதான். பரிசு குடுத்த கையோட கூப்பிட்டாங்க. கடிதம் வந்திருக்குன்னு நீங்க போன்ல இடத்தச் சொன்னப்போதான்... அந்த முச்சந்தி நம்ம வீட்டுலேருந்து பத்து நிமிஷம்மா. கணக்குப் போடுறப்போவே மேப்புல பார்த்தேன். தெரிஞ்ச இடம்தான். எவனோ ஒரு டிரைவர்னு நெனச்சேன்.

புஷ்பா: ...ஒரு போன் போட்டு அப்பாவக் கேட்டிருக்கலாமேடி. ஒரே ஒரு போனு.

கங்கா: கேட்டிருக்கலாம்மா.

திருச்செல்வம்: போதும் புஷ்பா. பிள்ளை அழுவுது பாரு. தண்ணி கொண்டா.

கங்கா: தண்ணி வேணாம். அழுதுகிட்டே டைப் அடிக்க வரும் எனக்கு. எழுதிட்டேன்பா. எட்டு நிமிஷம், மூணு நாளு, லீலாவதி, பெரட்டு, எல்லாம் இருக்கு. கேஎல் பஸ்ஸ விட்டவங்களையும் எழுதியிருக்கேன். நீங்க சொன்ன மாதிரியே. கீழ உங்க கையெழுத்து. அதுக்கும் கீழ, ‘போட்டியில் இந்தக் கணக்கைப் போட்டவள் நான். நாள் வாரியாகப் பார்க்காதது என் பிழை’ன்னு என் கையெழுத்து.

திருச்செல்வம்: வேலை போயிடும்மா.

கங்கா: போனா போகட்டும். நாளைக்கு நானும் உங்ககூட டிப்போவுக்கு வர்றேன். செவ்வாக்கிழமை நான் வாடகைக் காடி பிடிச்சாவது லீலாவதி அத்தைய கூட்டிட்டுப் போறேன். ...கையெழுத்துப் போடுங்க.

திருச்செல்வம்: ...பேனா குடு.

கங்கா: இந்தாங்க. ...அப்பா.

திருச்செல்வம்: ம்?

கங்கா: அவங்க அனுப்பின கடிதத்த மூணு தடவ படிச்சுட்டேன். கோப்பின்னு ஒரு வார்த்தை அதுல இல்ல. நீங்க எடுத்த எடுப்புலயே கோப்பின்னு சொன்னீங்களே... அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

திருச்செல்வம்: ...கடிதம் வர்றதுக்கு மொத நாளு, டிப்போவுல டிரைவருங்க எல்லாரையும் உக்கார வச்சு படம் போட்டுக் காட்டினாங்கம்மா. மேப்பு, செவப்புப் புள்ளி, அது மேல கோப்பிக் கப்பு. எல்லாம் பாத்தேன். கடைசியில, பரிசு வாங்கின பிள்ளை பேருன்னு செவுரு நெறைய போட்டாங்க. ஐசியில இருக்கிற மாதிரியே, கங்கா, ஏ-பி, திருச்செல்வம். பக்கத்துல இருந்த நூருல் அமீன், ‘அண்ணே, உங்க பேருண்ணே, உங்க மக’ன்னு என்னப் புடிச்சு எழுப்பி நிக்க வச்சுட்டான். எல்லாரும் கை தட்டினாங்க. அந்தப் புள்ளி யாருன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்... நானும் நின்னுக்கிட்டே கை தட்டினேம்மா.