ஓரெழுத்துக்கு ஓடி வரும் முல்லை

மேடையில் ஒரு பிறமொழிச் சொல்லையும் ஒரு கொச்சைச் சொல்லையும் உதிர்த்ததில்லை என்று பேர் வாங்கிய எங்கள் வாசகர் வட்டத்தின் தலைவர் வயிரவன் ஐயா அவர்களே! முதல் வரிசையை முறையாக நிரப்பியிருக்கும் பெரியோர்களே! நாற்காலியில் கைப்பையை அமர்த்திவிட்டுத் தேநீருக்குப் போய், இப்போதுதான் திரும்பி வந்திருக்கும் தாய்மார்களே! சிலிபினிலிருந்து நடந்தும், ஜெலாப்பாங்கிலிருந்து காரிலும், தைப்பிங்கிலிருந்து நனைந்த குடையோடும் இந்த மொழி விழாவுக்கு வந்திருக்கும் அன்பர்களே! தலைவரின் மேசைக்காலில் கட்டப்பட்டு, எனக்கு முன் பேசிய மூவரின் உரையையும் கண்மூடிச் சுவைத்த முல்லையே! அனைவருக்கும் என் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு 'தூய தமிழே நம் துணை'. நாயைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாளே, தலைப்பை மாற்றிவிட்டாளா என்று தலைவர் கேட்கிறார். வாயால் அல்ல, புருவத்தால். மாற்றவில்லை ஐயா. சான்றோடு பேச வந்திருக்கிறேன். சான்று இப்போது தூங்குகிறது.

இந்த முல்லை, சுங்கை சிப்புட் பக்கம் மூடிப்போன ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தது. வயது இன்னும் ஒன்று நிரம்பவில்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடிக்க இயந்திரம் வந்தபோது, கடைசியாக வெளியேறிய மாரியம்மா அக்கா இதை என்னிடம் கொடுத்துவிட்டு அடுக்குமாடிக்குப் போனார். அங்கே நாய்க்கு அனுமதி இல்லை. நான் குடியிருப்பதோ வாடகை வீடு. வீட்டுக்காரர் நாளை வரைதான் தவணை தந்திருக்கிறார். அதற்குள் ஒரு வீடு கிடைக்காவிட்டால் முல்லை காப்பகத்துக்குப் போக வேண்டும். இடமே இல்லாமல் நிரம்பிக் கிடக்கும் காப்பகம். குட்டிகளுக்குள் நோய் பரவியிருக்கிறது. இதன் உடன்பிறப்பு ஒன்று அங்கேதான் போயிற்று. இப்போது இல்லை.

சரி, தமிழுக்கு வருகிறேன்.

சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பும் வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே நாய்க்கும் தூய தமிழிலேயே பாடம் தொடங்கினேன். 'முல்லையே, வருக!' என்றேன். வந்ததா? 'அமர்க!' என்றேன். அமர்ந்ததா? 'எழுக, குலவிளக்கே!' என்றேன். நீங்கள் இப்போது என்னைப் பார்க்கிறீர்களே, அதே பார்வை பார்த்தது.

பக்கத்து வீட்டு நவமணி அக்காவுக்குப் பொறுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏன் போட்டு அத வதைக்கிற? சின்னக் குட்டி, பாவம், விட்டுரு..." என்றார். அந்தப் பேச்சின் முடிவில் ஓரெழுத்து இருந்தது. அதை நான் இங்கே ஒலிக்க மாட்டேன். லகரத்துக்குத் துணைக்கால் போட்டால் வரும் எழுத்து. நம் மலேசியப் பேச்சில் வாக்கியத்துக்கு வாக்கியம் வாலாக ஒட்டிக்கொள்ளும் எழுத்து. தெரிந்துவிட்டதா? உரக்கச் சொல்லிவிடாதீர்கள்! அது காதில் விழுந்ததுதான் தாமதம், சாக்கடையைத் தாண்டி, வேலிக்குள் நுழைந்து, காயவைத்த வடகத்தைக் கலைத்து, அக்காவின் மடியில் அமர்ந்தது முல்லை!

மாரியம்மா அக்காவிடம் விசாரித்தேன். "பேரா? பேரெல்லாம் வைக்கல டீச்சர். வா, தின்னு, படு, அம்புட்டுத்தான் சொல்லுவேன்" என்றார், ஒவ்வொன்றுக்கும் அந்த வாலை ஒட்டி. விளங்கியதா? வயிற்றுக்குச் சோறு வந்ததும் அந்த எழுத்தோடு. முதுகில் கை பட்டதும் அந்த எழுத்தோடு. அதுதான் தன் பெயர் என்று முடிவு செய்துவிட்டது நாய்.

தூய தமிழின் தனிப்பெரும் பயன் அன்றுதான் எனக்கு விளங்கியது: அது நாயை எழுப்பாது. ஆனால் ழகரம் திருத்தமாக இருக்க வேண்டும். சற்றுமுன் பேசிய அன்பர் 'விழா' என்று சொன்னபோதெல்லாம் முல்லை ஏன் ஒற்றைக் கண்ணைத் திறந்தது என்று இப்போது புரிகிறதா?

ஜெலாப்பாங்கிலிருந்து கோகிலன் தம்பி நாய் பார்க்க வந்தார். "திருடன் வந்தா கடிக்குமாக்கா?" என்றார். "கடிக்காது தம்பி. அவன் வாசலில் கழற்றிய ஒற்றைச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு ஓடும். அவன் தேடி முடிப்பதற்குள் விடிந்துவிடும்" என்றேன். "அப்ப வேணாம்..." என்றார். வாலை நீங்களே ஒட்டிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்ற சொல்லின் முடிவில் தன் பெயரைக் கேட்ட முல்லை, திறந்திருந்த காரில் ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. இறக்குவதற்குள் தம்பிக்கு வியர்த்துவிட்டது.

தைப்பிங்கிலிருந்து தனேஸ்வரி அம்மையார் வந்தார். "அழகுதான். ஆனா கறுப்பா இருக்கு..." என்றார், வாலோடு. வெளுத்த சேலையில் நாலு பாதச்சுவடு! ஏன் சிரிக்கிறீர்கள்? கறுப்பென்றால் கசப்பா? இந்த அவையில் வெள்ளைக்காரர் எவரேனும் இருந்தால் எழுந்து நில்லுங்கள், நாங்களும் பார்க்கிறோம்!

அன்பர்களே! வேண்டாம் என்பதையே அழைப்பாகக் கேட்டு வாலாட்டி வரும் உயிர் இது. இதை எத்தனை முறை விரட்ட முடியும்? தோட்டங்கள் மூடியபோது லாரிகள் வந்தன. அம்மியை ஏற்றினோம். அடுப்பை ஏற்றினோம். ஆண்டவன் படத்தை ஏற்றினோம். பின்னால் ஓடி வந்ததை ஏற்றினோமா? குற்றம் சொல்லவில்லை; போன இடத்தில் நமக்கே இடம் போதவில்லை. ஆனால் இன்று? இங்கே எத்தனை பேருக்குத் தரைவீடு? எத்தனை பேருக்கு இரும்புக் கேட்? 'நல்வரவு' என்று வாசலில் எழுதிவைத்துவிட்டுப் பூட்டைத் தொங்கவிடுவதுதான் தூய தமிழா? ஒரு சொல்லைக் கேட்டு ஓர் உயிர் ஓடி வருமானால், அந்தச் சொல்லைக் கொச்சை என்பேனா? உங்கள் கண்ணீரை நான் கேட்கவில்லை. கவிதை கேட்கவில்லை. ஒரு வீடு கேட்கிறேன், ஒரே ஒரு வீடு!

யாரது, பின் வரிசையில்? கார்த்திகேசு அண்ணனா? நேரமாகிவிட்டதா? ஐயோ, அதை வாலோடு சொல்லிவிட்டீர்களே அண்ணே!

முல்லை எழுந்துவிட்டது. அண்ணனிடம் ஓடக் கயிறு விடவில்லை. எட்டும் தூரத்தில் இருப்பது தலைவருக்குப் போர்த்திய பொன்னாடை. பிடித்துவிட்டது. ஐயா, இழுக்காதீர்கள். இழுத்தால் விளையாட்டு என்று நினைக்கும். ஐயா, நீங்களும் இழுக்கிறீர்களே!

கேட்டீர்களா? சபையோரே, கேட்டீர்களா? "ஏய், விடுலா!" சத்தியமாக நான் சொல்லவில்லை. ஐயா, உங்களுக்கு முன்னால் இருக்கும் ஒலிவாங்கி வேலை செய்கிறது. பாருங்கள், பொன்னாடையை விட்டுவிட்டது. மடியில் ஏறிவிட்டது.

தள்ளாதீர்கள் ஐயா. தங்கள் பெயர் வயிரவன். அந்தச் சாமிக்கு வாகனம் எது? 'நாய்' என்று சபையே சொல்கிறது, கேளுங்கள். பெயரை வைத்துக்கொண்டு வாகனத்தை வெளியே நிறுத்தலாமா?

என்ன ஐயா? "வீட்டுல கேக்கணும்" என்கிறீர்களா? நியாயம். வீடு முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. சிகப்பி ஆச்சி, ஐயா கேட்டுவிட்டார். நீங்கள் சொல்லுங்கள். அந்த ஒலிவாங்கியை ஆச்சியிடம் கொடுங்கள்.

"இவுக வீட்டுல பேசுற பேச்ச வெளிய பேசி இன்னிக்குத்தான் கேக்குறேன். மடியில ஏறினத எறக்கிவிட்டா நல்லாருக்குமா? வரட்டும். செருப்ப மட்டும் உள்ள எடுத்து வச்சுக்கிருவோம்."

கேட்டீர்களா அன்பர்களே! ஐயா தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பில் இலக்கணப் பிழை ஏதும் இல்லை.

கயிற்றை உங்கள் கையில் தருகிறேன் ஆச்சி. தடுப்பூசி போட்டாயிற்று. இடியென்றால் பயப்படும், கொஞ்சம் பக்கத்தில் இருங்கள். பேச நேரம் கொடுத்த தலைவருக்கு நன்றி. மடி கொடுத்த தலைவருக்கு அதைவிட நன்றி. வீடு கொடுத்த ஆச்சிக்குச் சொல்ல, எனக்குத் தெரிந்த தூய தமிழ் போதவில்லை. கைகூப்பி நிற்கிறேன். வணக்கம்.