தலைவர் செத்த பிறகு வருகிற சீன்

செயலாளர்: …அதெல்லாம் இருக்கட்டும். உயிரோட இருக்கிற மனுஷனைச் சுட்டுக் கொல்ற மாதிரிப் படம் எடுப்பீங்க, நாங்க டிக்கெட் வாங்கிப் பார்த்துட்டுப் போகணுமா, பாப்பா?

எடிட்டர்: பாப்பா இல்ல சார். இந்தப் படத்தோட எடிட்டர்.

செயலாளர்: நீயா? டீ கொண்டு வந்த பொண்ணுன்னுல்ல நினைச்சேன்…

எடிட்டர்: டீயும் நான்தான் கொண்டு வந்தேன். உங்க ஆளுங்க வாசல்ல கல்லோட நிக்கிறதால கடைக்காரர் உள்ள வரமாட்டேங்கிறார்.

செயலாளர்: கல்லு சும்மா ஒரு இதுக்கு. பேச்சு நல்லபடியா முடிஞ்சா கீழ போட்டுட்டுப் போயிடுவாங்க. டைரக்டர் எங்க?

எடிட்டர்: காய்ச்சல். கட்சி செயலாளரே எடிட்டிங் ரூமுக்கு வர்றார்னதும் வந்துடுச்சு. தயாரிப்பாளர், அவங்க கேட்கிறதை எல்லாம் வெட்டிக் கொடுத்துடு, படம் வெளிய வந்தா போதும்னு சொல்லிட்டு ஊருக்குக் கிளம்பிட்டார். மிச்சம் இருக்கிறது நான்தான்.

செயலாளர்: அப்போ உனக்கு மட்டும் என்ன வந்தது? நீயும் கிளம்பேன்.

எடிட்டர்: எங்க வீட்டுல பள்ளிக்கூடம் தாண்டின முதல் ஆளு நான் சார். இந்தப் படத்துலதான் என் பேர் முதல் தடவையா திரையில வருது. எங்கப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துல உட்கார்ந்து, இதுதான்ப்பா நான்னு விரல் நீட்டிக் காட்டணும். படம் பெட்டிக்குள்ள தூங்கினா எதைக் காட்ட?

செயலாளர்: அதுக்கு எங்க தலைவர் சாகணுமா?

எடிட்டர்: படத்துல இருக்கிறது உங்க தலைவர் இல்லையே. பேர் வேற, கட்சி வேற, கொடி வேற…

செயலாளர்: மூக்கு? துண்டை உதறித் தோள்ல போடுறது? கைக்குழந்தை கூடச் சொல்லும்… சரி, போடு. அவர் விழற இடத்தைப் போடு.

எடிட்டர்: எத்தனை தடவை சார் பார்ப்பீங்க?

செயலாளர்: மனசு ஆறல. போடு… நிறுத்து. இங்க. குப்புற விழறார் பார். எங்க தலைவர் குப்புற விழுவாரா?

எடிட்டர்: முதுகுல சுட்டா குப்புறத்தான் விழணும்.

செயலாளர்: அப்போ நெஞ்சுல சுடுங்க.

எடிட்டர்: சுடவே கூடாதுன்னுதானே வந்தீங்க?

செயலாளர்: சுடக் கூடாது. அது கட்சியோட நிலைப்பாடு. மீறிச் சுட்டா நெஞ்சுல சுடணும், அது மரியாதை. அப்புறம் சுடறவன் யாரு? அழுக்குச் சட்டை, வேலை வெட்டி இல்லாதவன். இதுக்குத்தான் எங்க செயற்குழுவுல பெரிய சண்டை. தலைவர் தகுதிக்கு ஒரு வெளிநாட்டுச் சதியாவது வேணாமான்னு கேட்டு மகளிர் அணித் தலைவி அழுதே விட்டாங்க.

எடிட்டர்: வேலை இல்லாதவன்னா ஜனங்க சட்டுனு நம்புவாங்கன்னு டைரக்டர் சொன்னார்.

செயலாளர்: வாய் நீளம் உனக்கு. இறுதி ஊர்வலத்தைப் போடு… என்ன இது? இவ்வளவுதான் கூட்டமா? நடுவுல மாடு கட்டலாம் போல இருக்கு.

எடிட்டர்: போன வருஷம் உங்க மாநாட்டுல எடுத்த கூட்டம் சார். எங்களுக்கு ஆள் சேர்க்க வசதி இல்ல, நீங்க சேர்த்ததையே எடுத்துக்கிட்டோம்.

செயலாளர்: …அதுல ரெண்டு பேர் சிரிக்கிறானுங்க.

எடிட்டர்: அப்போ மேடையில நீங்கதான் பேசிட்டிருந்தீங்க.

செயலாளர்: தூக்கு அதை.

எடிட்டர்: தூக்கியாச்சு.

செயலாளர்: ஏம்மா, மனசைத் தொட்டுச் சொல்லு. உங்கப்பாவை ஒருத்தன் சுடற மாதிரிப் படம் எடுத்தா நீ சும்மா இருப்பியா?

எடிட்டர்: மாட்டேன். இந்த சீனை வெட்டி ஒட்டிட்டிருந்தப்போ, உங்க தலைவரோட பேத்தி பார்த்தா என்ன ஆகும்னு தோணுச்சு. டைரக்டர்கிட்ட சண்டை போட்டேன். நினைச்சுப் பார்க்கிறது தப்பாம்மா, நாம யாரையும் சுடலையேன்னார். அதுவும் சரிதான்னு பட்டுச்சு, ஆனா தூக்கம் வரல. நீங்க வந்து பேத்தியைப் பத்திக் கேட்பீங்கன்னு பதிலோட உட்கார்ந்திருந்தேன். நீங்க கூட்டம் பத்தலைங்கிறீங்க.

செயலாளர்: …சரி, அதை விடு. அவர் போன பிறகு ஒரு சீன் வருமே.

எடிட்டர்: கட்சி ஆபீஸ்ல அவர் நாற்காலியில இன்னொருத்தர் வந்து உட்கார்றாரே, அதுவா?

செயலாளர்: அதான். கதவைச் சாத்திக்கலாமா?

எடிட்டர்: சாத்தித்தான் இருக்கு.

செயலாளர்: அந்த உட்கார்ற ஆளு… வழுக்கை, தங்க ஃபிரேம் கண்ணாடி. அது எங்க பொருளாளர்.

எடிட்டர்: கற்பனைப் பாத்திரம்.

செயலாளர்: டிரெய்லரைப் பார்த்துட்டு ஊரே பொருளாளர்னுதான் பேசுது. இப்பவே அவன் வீட்டு வாசல்ல மாலையோட நிக்கிறானுங்க. அவன் யாரு நேத்து வந்தவன்… தலைவர் செருப்பைக் கையால எடுத்து வச்சவன் நான்.

எடிட்டர்: என்ன செய்யணும்?

செயலாளர்: கண்ணாடியைக் கழட்டிடு. கம்ப்யூட்டர்லயே கொஞ்சம் முடி வைக்கலாமில்ல? ஒரு மீசை…

எடிட்டர்: யார் மாதிரி?

செயலாளர்: அதான்… பொதுவா.

எடிட்டர்: பொதுவா மீசை வைக்க முடியாது சார். வாயால சொல்லுங்க.

செயலாளர்: …என்னை மாதிரி.

எடிட்டர்: அதுக்கு முன்னாடி தலைவர் சாகிற சீன்?

செயலாளர்: அதை எதுக்கு மாத்தணும்? அது இருந்தாத்தானே இது வரும். அப்படியே இருக்கட்டும். நல்லாத்தான் எடுத்திருக்கீங்க.

எடிட்டர்: காலைல பொருளாளர் வந்திருந்தார்.

செயலாளர்: இங்கயா?

எடிட்டர்: நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான். கண்ணாடி மட்டும் போதாதாம், அவரோட கட்டைக் குரலையும் சேர்க்கணுமாம். அவரையும் வாயால சொல்லச் சொன்னேன்.

செயலாளர்: எதுக்கு எல்லாரையும் வாயால சொல்லச் சொல்ற நீ?

எடிட்டர்: படம் வரலாம்னு நேத்தே தலைவர் சொல்லிட்டார் சார். இங்க வந்து முழுசாப் பார்த்தார். தான் விழற இடத்தைக் கண்டுக்கவே இல்ல. நாற்காலி சீனைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை… அந்த சீனுக்குத் திருத்தம் கேட்டு யார் வந்தாலும், அவங்க கேட்கிறதை அவர் காதால கேட்கணும். இந்த வேலை எனக்குப் பிடிக்கல. ஆனாலும் ஒத்துக்கிட்டேன்.

செயலாளர்: அடிப்பாவி… ரெக்கார்டு பண்ணியிருக்கியா? அழிச்சிடும்மா. உனக்கு என்ன வேணும், சொல்லு.

எடிட்டர்: ரெக்கார்டு எதுவும் இல்ல சார். உங்க முதுகுக்குப் பின்னாடி கறுப்புக் கண்ணாடி இருக்கு பாருங்க, அதுக்கு அந்தப் பக்கம் டப்பிங் ரூம், இங்க பேசுறது அங்க கேட்கும். தலைவர் காலைலேர்ந்து அங்கதான் உட்கார்ந்திருக்கார். ஆட்டோ பிடிச்சுத் தனியா வந்தார்… யாரை நம்பிக் கூட்டிட்டு வர்றதுன்னு தெரியலையாம்.