லிண்டமன் அம்மாவின் மேசை

ஹலோ... ஹலோ, உருத்திரமூர்த்தி அண்ணையோ? நான் பாலாம்பிகை... ஓம், ஓம், ஆலாத்தி விளக்கு எடுத்து வைச்சிட்டன். அதுக்காகப் போன் எடுக்கேல்லை. அண்ணை, அந்த மேளம் காதை அடைக்குது, மண்டபத்துக்கு வெளியில வாங்கோ...

இப்ப கேக்குதோ? மேல்வீட்டு லிண்டமன் அம்மா வந்திட்டா... ஓமண்ணை, டென்மார்க்கில இருந்து! நாளைக்கு வாறன் எண்டவ, இண்டைக்கே வந்து நிக்கிறா. நான் கீழ எங்கட குசினிக்குள்ள அடுப்புப் பக்கம் ஒளிஞ்சு நிண்டு கதைக்கிறன்.

...என்னண்டு ஆறுதலா இருக்கிறது? பூமரத்துக்குத் தண்ணி ஊத்தச் சொல்லித் தந்த சாவி அது. அவவைக் கேக்காமலெல்லோ மேசையைத் தூக்கித் தந்தனான்! இழுத்தா நீளுற மேசை, உங்கட மகள் தர்மிகா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு எல்லா ஆலாத்தித் தட்டும் வைக்கலாம் எண்டு நீங்கள்தானே ஆசைப்பட்டனீங்கள்.

...வேற வாங்கிக் குடுக்கிறதோ? விசர்க்கதை கதைக்காதேங்கோ. அதைச் செய்த ஆளையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா!... ஓம், ஹோல்கர் எண்டு அந்த டென்மார்க் கிழவர். புத்தகங்களில படம் வந்த ஆள். அவர் முதன்முதல் செய்த மேசையாம், அதில இருந்து ஒருக்காச் சாப்பிடோணுமெண்டு வந்திருக்கிறார். பாவம், கண்ணும் இப்ப தெரியாதாம்.

...கண் தெரியாட்டி நல்லதெண்டோ? ஐயோ அண்ணை, அந்தாள் விரலாலதான் பாக்கிறவர்! ஒரு ஆணி இல்லாமல், தேக்கைத் தேக்கோட பொருத்திச் செய்ததெண்டு லிண்டமன் அம்மா சொல்லிச் சொல்லிப் பூரிப்பா. நல்ல காலம், நீங்கள் சீலை விரிச்சுத்தானே தட்டு வைச்சனீங்கள்?

...என்ன? மயில் அலங்காரம் விழாமல் நிக்கோணுமெண்டு?... ஆணியோ? மேசையிலயோ?... எத்தினை ஆணி?... வேண்டாம், சொல்லாதேங்கோ.

கடவுளே, கடவுளே... இல்லை, நான் அழேல்லை... ஓம், அழுறன்தான், அதுக்கென்ன! வெளிநாட்டுக்காரருக்கு வீடு இல்லையெண்டு இந்தப் பீலெஃபெல்ட் ஊர் முழுக்கக் கதவைச் சாத்தேக்க, பிள்ளையளோட உள்ள வாங்கோ எண்ட மனிசி அண்ணை அவ. இனி என்ர முகத்தில முழிப்பாவோ?

...பின்பக்கத்தால கொண்டு வாறதோ? எப்ப?... ஆலாத்தி முடியட்டுமாம்! வீடியோக்காரன் கோவிப்பானாம்! நல்லா இருக்கு உங்கட நியாயம்.

...பொறுங்கோ. மேல நடக்கினம். சாப்பாட்டறைப் பக்கம்தான்... மேசை இல்லாததைக் கண்டிட்டா போல.

...கள்ளன் கொண்டுபோட்டான் எண்டு சொல்லவோ? உங்களுக்கு வாய் கூசேல்லையோ?... உஷ்! போனில ஆரோடயோ கதைக்கிறா. படிக்கதவு திறந்து கிடக்கு, எல்லாம் கேக்குது... பொலிசோட அண்ணை! வீட்டுக்குள்ள களவு எண்டு சொல்லுறா... சாவி ஆரிட்ட இருந்ததெண்டு கேக்கிறாங்கள் போல... ஓம், என்ர பேரைச் சொல்லீற்றா.

...இல்லை அண்ணை, அப்பிடி இல்லை. நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. பாலாவை ஒருத்தரும் விசாரிக்கக்கூடாது, அவ என்ர வீட்டு ஆள், அவவைச் சந்தேகப்பட்டா எனக்கு உங்கட உதவியே தேவையில்லை எண்டு... பொலிசோட சண்டை பிடிக்கிறா. தொண்டை கிழியக் கத்துறா அண்ணை.

...ஏலாது. இனி எனக்கு இதுக்குள்ள ஒளிஞ்சு நிக்க ஏலாது. மேல போறன்... மேசையை நான்தான் எடுத்துக் குடுத்தனான் எண்டு சொல்லப்போறன்... இல்லை, இல்லை. உங்கட பேரைச் சொல்லமாட்டன், பயப்பிடாதேங்கோ. வைக்கிறன்.