அம்பத்திரெண்டு கிலோ

இல்ல மாஸ்டர், அதை அடிச்சிடுங்க. தொப்பையைக் குறைக்கன்னா போட்டீங்க? என் தொப்பை பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும், அது யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலை. உங்க ஜிம் ஃபாரத்துல நோக்கம்ங்கிற எடத்துல அம்பத்திரெண்டு கிலோன்னு எழுதுங்க. குறைக்க இல்லீங்க, தூக்க. தரையில இருந்துகூட வேணாம். கட்டில் உயரத்துல இருந்து தூக்கி, பதினோரு எட்டு நடந்து, மெதுவா எறக்கி வைக்கணும். அவ்வளவுதான்.

வேலையா? கண்ணாடிக் கடை. மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ச்சு மாட்டுறவன். முப்பது வருஷமா ஒரே ஸ்டூல். நான் தூக்குறதுலயே கனமான சாமான் ஸ்க்ரூ டிரைவர், அதுவும் குண்டூசி சைஸ். சிரிங்க, சிரிங்க. என் கையைப் பாத்து என் பொண்டாட்டியும் இப்படித்தான் சிரிப்பா.

ஆமா, அவளைத் தூக்கத்தான். ரெண்டு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்து எடது பக்கம் பூரா போயிடுச்சு. வாய்க்கு ஒண்ணும் ஆகலை, முன்னைக்கு இப்ப ஜாஸ்தி. பகல்ல பாத்துக்க ஒரு அம்மா வருவாங்க. ஆறு மணிக்கு நான் வந்ததும் அவங்க கெளம்பிடுவாங்க. அதுக்கப்புறம் எல்லாத்துக்கும் நான்தான்.

இதுக்கு முன்னாடி எக்சர்சைஸா? பண்ணாம என்ன. சுகர்னு டாக்டர் மெரட்டினப்ப நாலு நாள் வாக்கிங் போனேன். அஞ்சாம் நாள் ஷூ கடிச்சுது, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன். மச்சான் ஒரு சைக்கிள் வாங்கிக் குடுத்தார், வீட்டுக்குள்ளயே மிதிக்கிறது. அதுல துண்டு நல்லா காயும். பயந்து ஆரம்பிச்சது எதுவுமே எனக்கு ஒட்டலை மாஸ்டர். புடிச்சுப் பண்ணினது ஒண்ணே ஒண்ணுதான்.

அது என் பொண்டாட்டி யோசனை. கட்டில் பக்கத்துல நிக்க வச்சு, உக்காந்து உக்காந்து எந்திரிங்கம்பா. நான் பண்ணுவேன், இவ எண்ணுவா. எண்ணுறதுல அப்படி ஒரு திருட்டுத்தனம்! எட்டு, ஒம்போது, மறுபடி ஏழும்பா. ஏண்டின்னா, பக்கவாதம் வந்தவளுக்குக் கணக்கு வருமாங்கிறா. மூச்சு வாங்க வாங்க சிரிப்பேன். சாயங்காலம் ஆனா எப்படா கடையை விட்டுக் கெளம்புவோம்னு இருக்கும் எனக்கு. கல்யாணமான புதுசுலகூட அப்படி ஓடினதில்ல. இருபதுல ஆரம்பிச்சு அறுபதுக்கு வந்தேன். தொடை கல்லாட்டம் ஆயிடுச்சு, தொட்டுப் பாருடின்னு காட்டுவேன். அம்பத்தெட்டு வயசுல, வெக்கமே இல்லாம.

அப்பல்லாம் தூக்க வேண்டியதில்ல. ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லிக் குடுத்திருந்தாங்க. இவ இடுப்புல பட்டையா ஒரு பெல்ட். அதை நான் ரெண்டு கையாலயும் புடிச்சுக்குவேன், இவ வலது காலை ஊனி எந்திரிச்சு, என்மேல சாஞ்சு நொண்டி நொண்டி பாத்ரூம் வரைக்கும் வந்துடுவா. பெல்ட் இல்லாம எறக்கவே கூடாதுன்னு கண்டிச்சு சொன்னாங்க. இப்ப அதுக்கும் வழியில்ல. போன மாசம் வலது தொடை எலும்பு முறிஞ்சு உள்ள கம்பி வச்சிருக்காங்க. அதான் முழுசா தூக்கணும்ங்கிறேன்.

பொண்ணு பக்கத்துத் தெருவுலதான் இருக்கா. ஒரு மாசம் பாப்போம், உங்களால முடியலைன்னா அம்மாவை ஹோம்ல சேத்துடலாம்ப்பாங்கிறா. அவளையும் தப்பு சொல்ல முடியாது, அவளுக்குக் கைக்குழந்தை. இவ முகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. முப்பத்தொரு வருஷத்துல இவ பேசாம இருந்து நான் பாத்ததில்ல மாஸ்டர்.

இன்னும் ஒரு கேள்வியா? கேளுங்க. முன்னாடி எங்கயாவது அடிபட்டிருக்கான்னா? எனக்கா? எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்ல. அவளுக்குத்தான். நான்தான் கீழ போட்டேன்.

அறுபது எண்ணி முடிச்ச அன்னைக்கு. எனக்குத் தலைகால் புரியலை. பெல்ட்டெல்லாம் எதுக்குடின்னு ரெண்டு கையாலயும் அலாக்கா தூக்கிட்டேன். கழுத்தைக் கட்டிக்கிட்டு என்னா சிரிப்பு சிரிச்சாங்கிறீங்க. மூணாவது எட்டுல கை விட்டுப் போச்சு. கால்தானே பழகியிருந்தது, கை பழகலையே.

பொண்ணு ஓடி வந்தா. நானாத்தான் எந்திரிக்கப் பாத்தேன், விழுந்துட்டேன்னு இவ சொல்லிட்டா. டாக்டர்கிட்டயும் அதையேதான் சொன்னா. வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கா, பொண்ணு திட்டுறா, அறிவிருக்காம்மா உனக்கு, அப்பாவைக் கூப்பிட்டா என்னன்னு. நான் பக்கத்துல தலையணைக்கு உறை மாட்டிக்கிட்டு நிக்கிறேன். வாயைத் தெறக்கலை. இன்னைக்கு வரைக்கும் தெறக்கலை, உங்ககிட்டதான் சொல்றேன்.

இப்ப பகல்ல பாத்துக்க வர்ற அம்மாவும் என் பொண்ணும் சேந்து தூக்கிடுறாங்க. மூணு மணிக்கு மேல இவ ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டேங்கிறா. ராத்திரி பாத்ரூம் போக என் கைக்கு வர வேண்டியிருக்குமேன்னு பயம். வாய்விட்டுச் சொல்ல மாட்டா. ஒதடெல்லாம் வெடிச்சுக் கெடக்கு மாஸ்டர். டம்ளரைக் கொண்டு போனா, தாகமே இல்லீங்கங்கிறா.