எஞ்சினில் கோளாறு இல்லை

பேப்பரில் போட்டிருப்பதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது, மேடம். அதற்காகத்தான் திருத்தங்கலிலிருந்து பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வந்தேன். நீங்கள் கூப்பிட்டு வரவில்லை, நானாக வந்தேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 'ஜீப் எஞ்சின் கோளாறால் பட்டாசு ஆலையில் தீ' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த எஞ்சினில் ஒரு கோளாறும் கிடையாது. முன்பு இருந்தது உண்மை. அதை நான் சரிசெய்துவிட்டேன்.

என் பெயர் புகழேந்தி. டீசல் வண்டி மெக்கானிக். எங்கள் தெருவில் பிறந்தவர்களில் பாதிப் பேர் தீப்பெட்டிக்குப் போனார்கள், மீதிப் பேர் பட்டாசுக்குப் போனார்கள். நான் ஒருவன்தான் ஸ்பேனரைப் பிடித்தேன். புகழேந்தி பட்டறைக்குப் போன வண்டி பழுதோடு திரும்பாது என்று சாத்தூர் வரைக்கும் சொல்வார்கள். எனக்கென்று இருப்பது அந்தப் பேர்தான். அது போனால் நானும் பட்டாசுக்குப் போக வேண்டியதுதான்.

ஜீப் தங்கப்பாண்டியன் முதலாளியுடையது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் அவருக்கு நிலமும் நிலத்துக்கு நடுவே ஒரு பட்டாசுக் கம்பெனியும் இருக்கின்றன. காடு மேடு ஏறுகிற டர்போ வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். ஞாயிற்றுக்கிழமையானால் அவரும் அவரைப்போல வசதியான சிலரும் ஆலங்குளம் பக்கம் கைவிட்டுப்போன ஒரு சுண்ணாம்புக்கல் குவாரிக்குப் போய், யார் வண்டி மேட்டில் ஏறுகிறது என்று பார்ப்பார்கள். பெரிய மனிதர்கள் சேவல் விட்டால் நன்றாக இருக்காது, அதனால் ஜீப் விடுகிறார்கள். ஒருநாள் முத்துராமலிங்கம் என்பவருடைய பழைய வண்டி உச்சியில் போய் நிற்க, நம் முதலாளியின் புது வண்டி பாதி மேட்டில் கரும்புகையைக் கக்கிவிட்டுப் பின்பக்கமாகவே இறங்கி வந்திருக்கிறது. எல்லோரும் சிரித்தார்களாம்.

மறுநாள் என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ஏலே புகழு, இழுக்க மாட்டேங்குதுலே. டவுன்ல கம்ப்யூட்டர மாட்டிப் பாத்துட்டு டீசல் சரியில்லைங்கான். ஒனக்கும் தெரியலன்னா சொல்லிரு, மதுரைக்குக் கொண்டுட்டுப் போயிருதேன்."

"இங்கனயே விட்டுட்டுப் போங்க மொதலாளி. வார ஞாயித்துக்கெழம ஏறும்" என்றேன். டீசல் சரியில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

நோய்க்கும் பார், பேய்க்கும் பார் என்பதுதான் என் வழக்கம். காற்று ஃபில்டரைத் திறந்தால் குவாரியின் வெள்ளைப் பொடி அடை அடையாக அப்பியிருந்தது. மாற்றினேன். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று போகும் ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஒரு மூட்டில் குமிழி வந்தது. இறுக்கினேன். டர்போவின் விசிறியை விரலால் அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. டீசல் ஃபில்டர், இஞ்செக்டர் எல்லாம் சுத்தம். அப்படியும் ஏற்றத்தில் மிதித்தால் வண்டி மூச்சு வாங்கியது. எனக்குக் கோபம் வந்தது, மேடம். சோறு இறங்கவில்லை.

டர்போவில் மந்திரம் ஒன்றும் கிடையாது. வெளியே போகிற புகைதான் விசிறியைச் சுற்றுகிறது, அது சுற்றினால் காற்று உள்ளே திணிக்கப்படுகிறது, அதுதான் இழுவை. வெளியே போகிற வழி அடைத்திருந்தால் எல்லாம் அடைத்ததுபோலத்தான். சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். வண்டி பாய்ந்தது. அப்போதுதான் பின்னால் மாட்டியிருந்த அரெஸ்டரைப் பார்த்தேன்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிதாக மாறுதலாகி வந்திருக்கிறீர்கள் என்றார்கள், அதனால் சொல்கிறேன். பட்டாசுக் கம்பெனிக்குள் போகிற எந்த வண்டிக்கும் சைலன்சர் வாயில் ஒரு இரும்பு டப்பா மாட்டியிருக்க வேண்டும். உள்ளே வலையும் தகடுமாக இருக்கும். புகையை விட்டுவிடும், நெருப்புப் பொறியைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் ஸ்பார்க் அரெஸ்டர். இந்த வண்டியில் இருந்தது லோடு ஆட்டோவுக்கு உண்டான சின்ன டப்பா. கரி அடைத்து, சளி பிடித்த மூக்குபோல இருந்தது. நோய் அதுதான்.

முதலாளியிடம் போனில் சொன்னேன். இந்த எஞ்சினுக்கு ஏற்ற அரெஸ்டர் கோயம்புத்தூரிலிருந்துதான் வர வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது என்றேன்.

"அதெல்லாம் எனக்கு எதுக்குலே? வண்டி ஏறணும்" என்றார்.

டப்பாவை அறுக்கச் சொல்லி அவர் சொல்லவே இல்லை. அவர் மீது பழி போட எனக்கு விருப்பமில்லை. நானாகத்தான் அறுத்தேன். வலையையும் தகட்டையும் எடுத்துவிட்டு, வெறும் கூட்டை வெல்டிங்கில் திரும்பப் பற்றவைத்து, சில்வர் பெயின்ட் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கழற்றி வைத்துவிட்டுத் திங்கட்கிழமை பழையதை மாட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏறிய வண்டி திங்கட்கிழமை இழுக்காவிட்டால் அது மெக்கானிக் வேலையா?

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேனாக இருந்தவர் எங்கள் தெரு ஆண்டிச்சாமி அண்ணன். முதலாளி வண்டியானாலும் விடமாட்டார். கம்பால் அரெஸ்டரை ஒரு தட்டு தட்டுவார். உள்ளே வலை இருந்தால் 'தொப்'பென்று சத்தம் வரும், காலியாக இருந்தால் 'டங்'கென்று வரும். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மேளம் வாசிக்கிறவர், காது பொய் சொல்லாது. அதனால் கூட்டின் உள்சுவரை ஒட்டி ஒரு கனத்த இரும்புப் பட்டையை வளைத்துப் பற்றவைத்தேன். புகைக்கு இடைஞ்சல் இல்லை. தட்டிப் பார்த்தேன், 'தொப்'பென்றது. அந்தப் பட்டைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. வேலை என்று செய்தால் அப்படிச் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி உச்சியில் போய் நின்றது. முதலாளி என்னைத் தன் பக்கத்து சீட்டிலேயே உட்கார வைத்துக் கூட்டிப்போயிருந்தார். இறங்கியதும் அத்தனை பேர் முன்னாலும் என் தோளில் கைபோட்டு, "இவன்தான்யா டாக்டரு" என்றார். எங்கள் ஆட்களின் தோளில் அவர் கைபோட்டு அதுவரை நான் பார்த்ததில்லை. மறைக்க மாட்டேன், மேடம், எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அதில் என் வேலை எதுவும் இல்லை. முதலாளி வெளியூர் ஏஜென்ட் ஒருவரைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போயிருக்கிறார். ஆண்டிச்சாமி அண்ணன் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டைத் திறந்திருக்கிறார். பட்டாசு காயப்போடும் களத்துக்கு வண்டியின் பின்பக்கத்தைக் காட்டி நிறுத்தி, டர்போவின் விசில் சத்தத்தை ஏஜென்ட்டுக்குக் கேட்க வைப்பதற்காக முதலாளி நின்ற இடத்திலேயே மிதித்திருக்கிறார். மேடு ஏறி வந்த வண்டியில் உள்ளே கரி தளர்ந்திருக்கும், மிதித்தால் கங்காக வெளியே வரும். டீசல் வண்டிக்கு அது இயற்கை. சீசன் நேரம், களம் நிறைய சரக்கு. வண்டியை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும் என்று ஒரு மெக்கானிக் சொல்ல முடியுமா?

களத்தை ஒட்டிய அறையில் ஆண்டிச்சாமி அண்ணனின் மனைவி அய்யம்மாள் இருந்தார். எனக்கு மதினி முறை. அந்த அறையில் இருந்த யாரையும் முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. மதினியைக் கால் மெட்டியை வைத்துத்தான் அண்ணன் கண்டுபிடித்தார். நானும் கூடவே நின்று அழுதேன். பந்தலுக்கு நாற்காலி எடுத்துப் போட்டதும் நான்தான். "நான் தட்டிப் பாத்தேன் புகழு, அரெஸ்டரு நல்லாத்தான் இருந்துச்சு" என்று அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது சரிதான் என்றேன். ஒரு வேலையைப் பற்றி அதைவிடப் பெரிய சர்டிபிகேட் யார் கொடுக்க முடியும்? இப்போது அவரை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவரை விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், என் மனைவி பொன்னுத்தங்கமும் அந்த அறையில்தான் வேலை பார்த்தாள். மதினிக்குப் பக்கத்து இடம் அவளுடையது. ஜீப் வேலை முடிந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், நாளையிலிருந்து நீ கம்பெனிக்குப் போக வேண்டாம் என்றேன்.

"சீசன் நேரத்துல எதுக்கு நிக்கச் சொல்றீக?" என்று கேட்டாள்.

சும்மாதான் என்றேன்.

"அப்ப அய்யம்மா மதினிட்டயும் ஒரு வார்த்த சொல்லிரவா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். ஒரே அறையில் ரெண்டு பேர் நின்றால் ஏன், எதற்கு என்று கேட்பார்கள். அது அண்ணன் காதுக்குப் போகும், அவர் டப்பாவுக்குள் கையை விட்டுப் பார்ப்பார். நீ மட்டும் நின்றால் போதும் என்றேன்.

அவ்வளவுதான். மற்றபடி, இப்படியெல்லாம் ஆகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, மேடம்.