பலகையில் நாலாவது வரி

பெரியவர்: ...அதனாலதான் கதவைச் சாத்தச் சொன்னேன். இப்ப இந்தக் கடையில இருக்கறது மூணே பேர். பெயர்ப்பலகை வெட்டற நீங்க, நான், என் தங்கச்சி. பலகை வாசல்ல ஏறற வரைக்கும் விஷயம் வெளியில போகக் கூடாது.

பலகைக்காரர்: நான் யார்கிட்டய்யா சொல்லப் போறேன். மெஷின் சத்தத்துல என் பேச்சு எனக்கே கேக்காது.

தங்கை: மெருகு போடணும்னுதானே அண்ணா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?

பெரியவர்: மெருகும் போடணும். ஒரு வரியும் வெட்டணும். தாத்தா, அப்பா, நான். மூணு பேருக்கும் கீழே இடம் இருக்கு, பாருங்க.

பலகைக்காரர்: நல்ல கனமான பித்தளை... சரி, சீட்டுல பொண்ணு பேர் தெரியுது. பக்கத்துல 'மா'ன்னு ஒத்தை எழுத்து நிக்குதே, மீதி விட்டுப்போச்சா?

பெரியவர்: மீதி கிடையாது. அவ்வளவுதான்.

தங்கை: பொண்ணு பேரா... எந்தப் பொண்ணு?

பெரியவர்: எனக்கு எத்தனை பொண்ணு?

தங்கை: அந்தச் சீட்டை இப்படிக் கொடுங்க.

பலகைக்காரர்: ஒட்டி வெட்டினா, வாம்மா போம்மான்னு செல்லமா கூப்பிடற மாதிரி ஆயிடும்யா.

பெரியவர்: ஒரு விரல் இடம் விடுங்க. அது மாப்பிள்ளையோட குடும்பப் பேர்.

பலகைக்காரர்: டாக்டருங்க பட்டத்தை வெட்டி வெட்டி எனக்குக் கையே ஓஞ்சு போகும். ஒத்தை எழுத்துல ஒரு குடும்பம் இப்பதான் பார்க்கறேன்.

தங்கை: மாப்பிள்ளையாம், மாப்பிள்ளை. அது என்ன பேர்... அரிசி மாவா, கோதுமை மாவா?

பெரியவர்: சீன பாஷையில குதிரை.

தங்கை: நல்லா இருக்கு. இனிமே நம்ம வாசல்ல குதிரை கட்ட வேண்டியதுதான்.

பெரியவர்: குரலை இறக்கி ஏத்தினாத்தான் குதிரை. ஏத்த இறக்கம் இல்லாம நீட்டினா அம்மா. சட்டுனு கீழே இறக்கினா வசவு. அரபியில கிட்டத்தட்ட இதே சத்தம் தண்ணி. இத்தாலிக்காரனுக்கு... நாம பேச்சு நடுவுல 'ஆனா'ன்னு இழுக்கறோமே, அது.

பலகைக்காரர்: நமக்கு மாமரம். அப்ப எல்லாம் ஒரே வேர்தானாய்யா?

பெரியவர்: அதைத்தான் நானும் தேடினேன். ஒவ்வொண்ணுக்கும் பூர்வீகம் பார்த்தேன். ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. எல்லாம் தனித்தனி வீட்டுல பிறந்ததுங்க. நம்ம வீட்டுக்குள்ளேயே மாமரம் வேற, அரைக்கற மாவு வேற.

பலகைக்காரர்: இதுக்கெல்லாம் எப்படிய்யா நேரம் கிடைக்குது?

பெரியவர்: சாயந்திரம் ரொம்ப நீளமா இருக்கு.

தங்கை: ஏன், வாரா வாரம் நான் வரேனே.

பெரியவர்: வர்றே. நீதான் வர்றே. மத்த நாள்ல நடு ஹால்ல நின்னு 'மா' சொல்லிப் பார்க்கறேன். குரல் இறங்கிடுது... திரும்ப ஏற மாட்டேங்குது.

பலகைக்காரர்: யாருக்காகய்யா?

பெரியவர்: வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வராங்க. வாசல்ல வச்சு மாப்பிள்ளையைக் கூப்பிட்டா குதிரை வரணும். வசவு வரக் கூடாது.

தங்கை: வராங்களா... அண்ணா, அவ பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு எங்க எல்லாருக்கும் சொன்னது யாரு?

பெரியவர்: நான்தான்.

தங்கை: அவன் குடும்பப் பேர் உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்க யாருக்குமே தெரியாதே.

பெரியவர்: தெரியும்.

தங்கை: ஒவ்வொரு கல்யாணத்துலயும் உங்களுக்கு முதல் நாற்காலி போடறாங்களே, எதுக்கு? பெத்த பொண்ணுன்னும் பார்க்காம தலைமுழுகின மனுஷன்னு. இந்தப் பலகை ஏறினா அந்த நாற்காலி போச்சு.

பெரியவர்: போகட்டும். அதுக்குப் பக்கத்துல யாரும் வந்து உட்கார்றதில்ல.

தங்கை: நானும் வர மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன். அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.

பெரியவர்: ...தெரியும். அதனாலதான் உன்னை வச்சுக்கிட்டே வெட்டச் சொல்றேன். வேற யாரோ சொல்லி உனக்குத் தெரியக் கூடாது.

பலகைக்காரர்: ஐயா... வெட்டவா, வேணாமா? பித்தளையில வெட்டிட்டா அழிக்க முடியாது.

பெரியவர்: அழிக்க முடியாதுன்னுதான் பித்தளை. வெட்டுங்க.

தங்கை: மெஷின்லேருந்து கையை எடுங்க முதல்ல. ஓடிப்போனவ பேர், எங்க தாத்தா பேருக்குக் கீழயா? ராத்திரியோட ராத்திரியா, பெத்தவருக்கே தெரியாம ஓடினவ... ஊரே சொல்லுது.

பெரியவர்: ஊர் சொல்றது தப்பு; அந்த நாற்காலிக்காக நானும் அதைத் திருத்தல. அவ ஓடல. பட்டப்பகல்ல, என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் பதிவு ஆபீஸ் படி ஏறினா. சாட்சிக் கையெழுத்து என்னோடது.