தைத்த நார்

– தேவிகா டீச்சரா? எம்மக சபிஹா வாய்க்கு வாய் சொல்லுவாளே! மொதல்லயே சொல்லக்கூடாதா, டீச்சரம்மா? எம்புட்டு கறி வேணும்?

– கறி வேணாம், உபைதுல்லா பாய். ஆட்டுக் கால் ஒண்ணு வேணும். முட்டி பிரியாம, குளம்பு வரைக்கும் முழுசா.

– சூப்புக்குன்னா தட்டித்தான தருவோம்?

– எங்க வீட்டுல கறியே புழங்குறதில்ல. இது கிளாஸ்ல காட்டுறதுக்கு. இணைப்புத் திசுன்னு ஒரு பாடம். உடம்புல ஒண்ணோட ஒண்ணை என்ன கட்டி வச்சிருக்குன்னு தொட்டுப் பார்த்தாத்தான் பிள்ளைங்களுக்கு மண்டையில ஏறும், சரியா?

– கோரிப்பாளையத்துல இருபது வருசமா கடை போடுறேன். பாடம் நடத்தக் கால் வாங்குற மொத ஆளு நீங்கதான். மாப்ள! உள்ள கேக்குதா? கே.கே. நகர் ஸ்கூல்ல இருந்து டீச்சர் வந்திருக்காக. பாடத்துக்காம். முழுக்கால் ஒண்ணு எடு!

– உள்ள யாரு?

– தங்கச்சி மகன். கூச்சப்படுவான், திரைக்கு இங்கிட்டு வரமாட்டான்.

– கொஞ்சம் ரத்தமும் கிடைக்குமா? அதுவும் இணைப்புத் திசுதான்.

– தவ்பா, தவ்பா! ரத்தம் எங்களுக்கு ஹராம்மா, ஆகாது. அறுத்ததும் வடிய விட்டுக் கழுவிருவோம். ஆமா, ஓடுற ரத்தம் எதைப் போயி கட்டப்போகுது?

– கட்டுறது மட்டுமா வேலை? ரத்தம் எல்லாத்தையும் கொண்டுபோய்ச் சேர்க்குது. கொழுப்பு சேமிச்சு வைக்குது, அடி படாம தாங்குது. எலும்பு, குருத்தெலும்பு எல்லாம் ஒரே குடும்பம், சரியா? அது கிடக்கட்டும், கையில என்ன இம்புட்டுப் பெரிய கட்டு?

– பக்ரீத் அன்னைக்கு குர்பானி ஆடு அறுக்கையில கத்தி வழுக்கிருச்சு. நாலு விரலும் மடங்கல. பெரியாஸ்பத்திரில தச்சு விட்டாக. ஒரு மாசத்துல கத்தி பிடிக்கலாம்னு சீட்டுல போட்டிருக்கு.

– தசைநார் அறுந்திருக்கும். சதை இழுத்தா எலும்பு அசையணும்ல, நடுவுல கயிறு மாதிரி அதுதான் இழுத்துக் கொடுக்கும். ரத்த ஓட்டம் கம்மி பாய், சதை மாதிரி சட்டுனு ஒட்டாது. கையைப் பத்திரமா வச்சிக்கங்க. சரி, சபிஹா எங்க? பத்து நாளா வரலையே.

– மேலூர்ல அவ மாமி வீட்டுக்குப் போயிருக்கா.

– திங்கக்கிழமை பிளஸ் டூ பிராக்டிகல், பாய். வரலைன்னா வருசமே போச்சு. அதைச் சொல்லத்தான் நானே வந்தேன்.

– அது வந்து… இந்தா, கால் வந்துருச்சு. பாருங்க, சரியா இருக்கா?

– இது யார் அறுத்தது?

– அதான் சொன்னேனே, தங்கச்சி மகன்.

– சதையைத் தனியா விலக்கி, தசைநாரை அறுக்காமத் தூக்கி விட்டிருக்கு. மூட்டைச் சுத்தின சவ்வை மட்டும் கீறியிருக்கு. எலும்பையும் எலும்பையும் கட்டுற நார் அப்படியே இருக்கு. குருத்தெலும்புல ஒரு கீறல் இல்ல. டிசம்பர்ல தவளையை வச்சு நான் சொல்லிக்கொடுத்தது இது. கிளாஸ்ல ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இப்படி வந்துச்சு.

– மெதுவா பேசுங்க, டீச்சரம்மா. எதிர்க்கடைக்காரன் காது இங்கதான் இருக்கும்.

– பொய் எதுக்கு பாய்?

– பொம்பளப் பிள்ளை கறி வெட்டுதுன்னு தெரிஞ்சா ஜமாத்துல ஆளுக்கொண்ணு பேசுவாக. நாளைக்கு அவளை எவன் கட்டுவான்? கடையைச் சாத்துனா வாடிக்கை போயிரும். பெத்த பிள்ளை கையில கத்தியக் கொடுத்துட்டு நான் வெளிய உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருக்கேன். வெக்கமா இருக்கும்மா.

– எனக்கு ஆத்திரமா வருது, பாய். நல்லாப் படிக்கிற பிள்ளை. திங்கக்கிழமை ஒரு நாள் அனுப்புங்க.

– அனுப்புறேன். அன்னைக்குக் கடை லீவு, போதுமா? ஒரு மாசம்தானம்மா, அப்புறம் நானே வெட்டுக்கட்டையில உக்காந்துருவேன். அவ இஷ்டப்பட்டதைப் படிக்கட்டும். இருங்க, ஆட்டோ பிடிச்சிட்டு வாரேன். இந்தக் காலோட பஸ்ல ஏறுனா கண்டக்டர் இறக்கி விட்டுருவான்.

– சபிஹா, உங்க அத்தா ரோட்டுக்குப் போயிட்டாரு. வெளிய வா.

– கையெல்லாம் கறி, டீச்சர். திரைக்கு இந்தப் பக்கமே இருக்கேன்.

– கேட்டுச்சுல்ல? திங்கக்கிழமை காலையில எட்டரைக்கு வந்துரு. மிச்சத்துக்கு ஒரு மாசம் பல்லைக் கடிச்சுக்கோ, சரியா?

– திங்கக்கிழமை வாரேன். ஆனா அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது டீச்சர், கட்டு மாத்தையில கொடுத்த ஆஸ்பத்திரி சீட்டை நான்தான் வாசிச்சேன். தச்ச நார் உள்ளயே மறுபடி அறுந்துபோச்சு, இனி விரல் மடங்காதுன்னு போட்டிருக்கு. ஒரு மாசம்னு சொன்னது நான்.